பார்ப்பதற்கு மட்டும் ஒரு ஆபரேஷன்

பாபு,

நேற்று சாயங்காலம் நீ போனில் கேட்டதற்கு நான் "சரி, சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மா ஒத்துக்கொண்டாள் என்று நீ நினைத்திருப்பாய். இல்லை. பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவின் போன் அவர்கள் கூடத்தில் டி.வி. பக்கத்தில் இருக்கிறது. டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு அந்த வீடே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே நின்றுகொண்டு உன் பெண்டாட்டியின் கர்ப்பப்பையைப் பற்றி நான் என்ன பேச முடியும்? நீ சொன்னது இதுதான்: "அம்மா, விமலா உன் பேச்சக் கேப்பா. சனிக்கிழமை அட்மிட் ஆவணும். பயப்படறா. நீ எடுத்துச் சொல்லி அனுப்பு." எடுத்துச் சொல்லவில்லை, பாபு. ஏன் சொல்லவில்லை என்பதற்குத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும், பொறுமையாகப் படி. இதை விமலா கையிலேயே கொடுத்தனுப்பப் போகிறேன். உறையை ஒட்டவில்லை. அவளைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டது போதும்.

முதலில் அவள் வந்த கதையைச் சொல்கிறேன். குடியாத்தத்துக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போவதாகத்தானே உன்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். டிக்கெட்டும் குடியாத்தத்துக்குத்தான் எடுத்திருக்கிறாள். பங்காருபேட்டையில் வண்டி நின்றதும் என்ன தோன்றியதோ, பையை எடுத்துக்கொண்டு இறங்கி, பூத்திலிருந்து உனக்கு ஒரு போன் போட்டுவிட்டு, நம் ஊர் வண்டியில் ஏறி மாரிகுப்பத்தில் வந்து இறங்கிவிட்டாள். வீட்டுக்குள் அவள் நுழைந்தபோது நான் ஆண்டர்சன்பேட்டை அம்மா ஒருத்திக்கு ஜாக்கெட் அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா இவளைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னாக்கா, மருமவ வந்துகீது. எதனா விசேஷமா?" என்றாள். நான் இன்ச் டேப்பை அவள் கைச் சதையில் கொஞ்சம் இறுக்கிப் பிடித்து, "கையத் தூக்குங்க, அளவு தப்பாப் பூடும்" என்றேன். உன் அம்மாவுக்குக் கோபம் வந்தால் வாயில் வராது, கையில்தான் வரும் என்று உனக்குத் தெரியாதா என்ன.

தங்க மைன்ஸ் மூடியதிலிருந்து உங்க அப்பா வீட்டில் பாத்திரம் கழுவுகிறார். நான் சொல்லவில்லை, அவராகவே ஆரம்பித்தார். ஷிப்டு இல்லாத கைக்கு வேறு என்ன வேலை கொடுப்பது என்று தெரியவில்லை போல. மருமகளைப் பார்த்ததும் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, "வாம்மா, காபி குடிக்கறியா?" என்றார். ஏன் வந்தாய், அவன் வரவில்லையா, எத்தனை நாள் இருப்பாய், எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சாயங்காலம் என்னோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே அவள்தான் சொன்னாள். "அங்க போனா அம்மா அழுவாங்கத்தே. அண்ணி எதனா சாமியார்கிட்ட கூப்பிடுவாங்க. உங்க வீட்லதான் யாரும் ஒண்ணியும் கேக்க மாட்டீங்க. அதான் எறங்கிட்டேன்."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் "இன்னும் ஒண்ணும் இல்லையாம்மா?" என்று ஒரு நாள் என் வாயிலிருந்து வந்ததில்லை, நாலு பெண்கள் வந்து போகிற தையல்காரி வீட்டில் இப்படி ஒரு மாமியாரா என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். அந்த சபாஷ் மறுநாள் காலை வரைக்கும்தான் தாங்கியது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

நம் வீடு ஏன் கேட்காத வீடானது என்று நீ யோசித்திருக்கிறாயா? ஷிப்டுக்குக் கிளம்புகிற மனுஷனை பூமிக்குள் எந்த லெவலில் வேலை, எப்போது வருவாய் என்று கேட்கக் கூடாது. நான் இந்த மைன்ஸ் லைன் வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு தரம் தெரியாமல் கேட்டுவிட்டேன். பையை அப்படியே கீழே வைத்துவிட்டு அன்றைக்கு அவர் வேலைக்கே போகவில்லை. அவருக்கென்று ஒரு பழக்கம் இருந்தது, உனக்கும் தெரியும். போகும்போது டம்ளரில் ஒரு வாய் காபியை மிச்சம் விட்டு, அலமாரியில் வைத்துவிட்டுப் போவார். அதை நான் கழுவக் கூடாது. திரும்பி வந்து, குளிப்பதற்கும் முன்னால், ஆறிப்போன அந்தக் காபியைக் குடித்து முடிப்பார். வந்துவிடுவேன் என்று அவர் வாயால் சொல்ல வேண்டியதில்லை, வருவாயா என்று நான் கேட்க வேண்டியதில்லை. அந்த டம்ளர் இருக்கிற பக்கம் பார்த்துக்கொண்டே நான் பாதி வாழ்க்கையைத் தைத்து முடித்தேன்.

நீ இரண்டாம் வகுப்பு படித்தபோது ஒரு மத்தியானம் பூமிக்குள் பாறை வெடித்து, பரணில் இருந்த பாத்திரமெல்லாம் உருண்டு விழுந்தது ஞாபகம் இருக்கிறதா? நமக்குப் பழக்கமான ஆட்டம் இல்லை அது. லைனில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் வாசலுக்கு வந்து நின்றோம். உங்க வீட்டுக்காரர் எந்த ஷிப்டு என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரியும். நீ மட்டும் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா வந்துடுவாராம்மா?" என்றாய். நான் உன் வாய் மேலேயே ஒன்று போட்டேன். "கேக்காதடா" என்றேன். கேட்டால் கெட்டது நடந்துவிடும் என்று எனக்கு அப்படி ஒரு பயம். ஆளை ஏற்றி இறக்குகிற கேஜ் ஓடவில்லை, வேறு ஷாப்ட் குழி வழியாக அவர் ஏறி வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. காபியில் ஏடு கட்டியிருந்தது. சூடு பண்ணித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று அப்படியே குடித்தார். நீ கதவோரம் நின்று அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாய், கிட்டே வரவில்லை.

அதற்கப்புறம் நீ எதையும் கேட்காத பிள்ளையாகிவிட்டாய். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் சந்தேகம் கேட்க மாட்டாய். சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால் கேட்க மாட்டாய், அப்படியே தின்றுவிட்டுப் போவாய். பெண் பார்க்கப் போனபோது விமலாவின் அப்பா, "பொண்ணுகிட்ட எதனா பேசணும்னா பேசுங்க தம்பி" என்றாரே, "ஒண்ணும் இல்லீங்க" என்று லட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாய். என் பிள்ளைக்கு எவ்வளவு அடக்கம் என்று நான் அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். அடக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் கொடுத்த அடி அது.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். நேற்று காலை நான் மிஷினில் உட்கார்ந்ததும் விமலா பையிலிருந்து தன் ஜாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். எல்லாம் நான் தைத்தது. கல்யாணத்திலிருந்து அவளை வெளியே ஒரு ஜாக்கெட் தைக்க நான் விட்டதில்லை. ஒன்றை உள்பக்கம் திருப்பி, பக்கத் தையலில் மடிந்து கிடந்த துணியை விரலால் பிரித்துக் காட்டினாள். "அத்தே, இத வெட்டிடுங்களேன். விலாவுல உறுத்துது."

உனக்குத் தையல் தெரியாது, அதனால் சொல்கிறேன். எந்த ஜாக்கெட்டிலும் பக்கத்தில் உள்ளே கொஞ்சம் துணி மடித்து விடுவோம். உடம்பு போட்டால் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அது எல்லோருக்கும் விடுவதுதான். விமலாவின் ஜாக்கெட்டில் மட்டும் நான் அதைப்போல இரண்டு பங்கு விட்டிருக்கிறேன். ஒன்றில் இல்லை, எல்லாவற்றிலும். பிள்ளை உண்டானால் மாசம் ஏற ஏறப் பிரித்துக்கொள்வாளே என்று, துணியில் கத்தரி வைக்கும்போதே என் கை தானாகத் தள்ளிப் போய் வெட்டும். ஒரு ஆசைதான், வேறென்ன. உள்ளே மடிந்து கிடப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

"நீங்க வாயத் தொறந்து கேக்கலத்தே," என்றாள். "ஆனா ஒவ்வொரு ஜாக்கெட்லயும் கேட்டுக்கினேதான் இருந்தீங்க. தீபாவளிக்குத் தீபாவளி புதுசு வரும். உள்ள திருப்பிப் பாப்பேன், இந்த வாட்டியாவது கொறைச்சிருக்காங்களான்னு. கொறையவே இல்ல. ஒரு நாள் பெங்களூர்லயே டெய்லர்கிட்ட குடுத்து வெட்டிடலாம்னு எடுத்துக்கினு போனேன். அவன் பாத்துட்டு, மாசமா இருக்கீங்களாம்மான்னு கேட்டான். ஜாக்கெட்டத் திருப்பி வாங்கிக்கினு வந்துட்டேன்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, பாபு. அழுகையும் வந்தது. இத்தனை வருஷம் நான் பேசாமல் இருந்தது ஆசை இல்லாததால் இல்லை. பூதிகோட்டையில் பிள்ளை உண்டாக யாரோ பச்சிலை தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு நாள் பஸ் ஏறிப் போய் வரிசையில் நின்றுவிட்டுக்கூட வந்திருக்கிறேன். மருந்தை விமலாவிடம் கொடுத்தால் கேட்ட மாதிரி ஆகிவிடுமே என்று வாங்காமல் திரும்பினேன். போன காரியத்தைச் சொல்லாமல், அங்கே தக்காளி நன்றாக இருக்கிறது என்று உங்க அப்பாவிடம் ஒரு கூடை தக்காளியைக் காட்டினேன். இப்படி எல்லாவற்றையும் மூடி மூடி வைத்தவள் கத்தரியிடம் மாட்டிக்கொண்டேன்.

அந்தக் கத்தரியைத்தான் எடுத்தேன். வெட்டப் போனவள் நிறுத்திவிட்டு, என் மருமகளிடம் முதல் முதலாக ஒரு கேள்வி கேட்டேன். "சுத்தமா வெட்டிடட்டுமா? இன்னா பண்ணணும்னு நீயே சொல்லும்மா."

அவள் அந்த மடிப்பை விரலால் அளந்து பார்த்தாள். அப்புறம், "சுத்தமா வேணாம். எல்லாருக்கும் விடற அளவு எனக்கும் உடுங்க," என்றாள்.

வேறு யார் வேலையையும் அன்றைக்கு எடுக்கவில்லை. ஒவ்வொரு ஜாக்கெட்டாகப் பிரித்து, அளவாக வெட்டி, மறுபடி தைத்தேன். அவள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து நூல் பிசிறு எடுத்துக்கொண்டே பேசினாள். நானும் நம் வீட்டுக் கதையெல்லாம் சொன்னேன், அந்தக் காபி மிச்சம் வைக்கிற கதை உள்பட. "மாமா இப்ப முழுசாதானே குடிக்கிறாரு?" என்றாள். மைன்ஸ்தான் மூடியாயிற்றே, இனி எங்கே போய்த் திரும்பி வரப் போகிறார் என்றேன். உன்னிடம் பேசாததை என்னிடம் பேசினாள் என்று கோபித்துக்கொள்ளாதே. நான் கேட்டேன், அவள் சொன்னாள், அவ்வளவுதான் விஷயம்.

டாக்டரம்மா சொன்னதெல்லாம் அவளுக்கு மனப்பாடமாக இருக்கிறது. உங்கள் இரண்டு பேருக்கும் எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்தாயிற்று, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஏன் உண்டாகவில்லை என்று தெரியவில்லை. அடுத்ததாக, மயக்க மருந்து கொடுத்து, தொப்புள் பக்கம் சின்னதாகக் கீறி, கேமரா வைத்த குழாயை விட்டு உள்ளே பார்க்கலாம். ஸ்கேனில் தெரியாத ஒட்டுதலோ வேறெதுவோ இருந்தால் கண்ணுக்குத் தெரியும், சின்னதாக இருந்தால் அப்போதே சரி செய்துவிடலாம். ஒன்றுமே இல்லாமலும் போகலாம். செய்தால் கட்டாயம் பிள்ளை பிறக்கும் என்று சொல்ல முடியாது. அதைச் செய்யாமல் மாத்திரை, ஊசி என்று போட்டுப் பார்க்கலாம், இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கவும் செய்யலாம். ஆபரேஷன் என்றால் அதற்குரிய ஆபத்து உண்டு, குறைவுதான், ஆனால் உண்டு. வயிற்றில் காற்றடைத்துப் பார்ப்பதால் அப்புறம் கொஞ்ச நாள் தோள்பட்டை வலிக்கும். இந்தத் தோள்பட்டை விஷயம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. "நீங்க ரெண்டு பேரும் வீட்ல போய் யோசிச்சு..." என்று அந்த அம்மா முடிப்பதற்குள், "செஞ்சிடலாம் டாக்டர், எந்தச் சனிக்கிழமை வரட்டும்?" என்று நீ கேட்டிருக்கிறாய். அப்பா சாமி, வாழ்க்கையில் எதையும் கேட்காத பிள்ளை, கேட்டதுதான் கேட்டாய், அதைப் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டிருக்கக் கூடாதா?

திட்டுகிறேன் என்று நினைக்காதே. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் ஏதாவது செய்தாக வேண்டும் என்று நீ தவிக்கிறாய், அது எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போகிறாயாம். டெஸ்டு என்றதும், முதலில் எனக்கு எடுங்கள் என்று நீயே போய் நின்றாயாம். இந்த ஊரில் எத்தனை ஆம்பிளைகள் அதற்குச் சம்மதிப்பார்கள்? இதையும் அவள்தான் சொன்னாள், சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. உன்னைப் பெற்றதற்கு அந்த நிமிஷம் அவ்வளவு நிறைவாக இருந்தது எனக்கு.

ஆனால் அவளுக்குக் கத்தி பயம் என்று நினைக்கிறாய் பார், அதுதான் தப்பு. "வலிக்கு இன்னாத்தே, வலிச்சா வலிச்சுட்டுப் போவுது," என்கிறாள். அவள் பயம் வேறு. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இப்ப வரைக்கும் காரணம் யாருக்கும் தெரியல. அதனால இது எங்க ரெண்டு பேருதும். என் வயித்தத் தொறந்து பாத்து ஒண்ணக் கண்டுபுடிச்சிட்டா, அன்னிலருந்து இது என்னுது மட்டும் ஆயிடும். அவரு நல்லவருதான் அத்தே. ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அவரு ஒண்ணும் சொல்லாம இருப்பாரு பாருங்க, அதுதான் எனக்கு பயம்." நான் மிஷினை நிறுத்திவிட்டேன். உள்ளே ஒன்றும் கிடைக்காவிட்டால் என்று கேட்டேன். "அது இன்னும் மோசம். அப்பறம் எதத் தேடறது?" என்றாள்.

இந்த மாதிரிப் பேச்சில் மாமனார் தலையிடுவது எந்த வீட்டிலும் இல்லை. உங்க அப்பா தலையிட்டார். துளை போட்டுப் பாறைக்குள் தங்கம் ஓடுகிறதா என்று பார்க்கிற கேங்கில்தானே அவர் கடைசி வரை இருந்தார். துடைத்துக்கொண்டிருந்த தட்டோடு வாசல்படியில் வந்து நின்று, "ஏம்மா, தொள போட்டுப் பாக்கறதுதானே. நான் வயசெல்லாம் அதான் பண்ணேன்," என்றார். "அவ வயிறு இன்னா சாம்பியன் ரீஃப் மைன்ஸா? போங்க, போய் கொழாயில தண்ணி வருதா பாருங்க," என்றேன் நான். விமலா வந்ததிலிருந்து அப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தாள். அவர் போகவில்லை. தட்டைத் திருப்பித் திருப்பித் துடைத்துக்கொண்டே, "தொளையில ஒண்ணும் வரலன்னா, இந்த எடத்துல இல்லன்னுதான் எழுதுவாங்க. எங்கயும் இல்லன்னு எழுத மாட்டாங்க. அதச் சொல்லலாம்னு வந்தேன்," என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் பார்க்கப் போனார். அவளுக்கு அது ஆறுதலாக இருந்ததா என்று தெரியவில்லை. அந்த மனுஷன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டு எத்தனையோ நாளாயிற்று.

அந்தத் தைரியத்தில், நீ போன் பண்ணி முடித்த பிறகு, நானும் அவரிடம் ஒன்று கேட்டேன். உனக்குப் பிறகு எனக்கு இன்னொன்று உண்டாகவே இல்லை. ஏன் என்று யாரும் பார்க்கவில்லை, நாங்களும் எந்த டாக்டரிடமும் போகவில்லை. ஒன்று இருக்கிறதே, போதும் என்று ஊர் சொன்னது, நாங்களும் பேசாமல் இருந்துவிட்டோம். உனக்குச் சின்னதாகிப்போன சட்டையையெல்லாம் யாருக்கும் கொடுக்காமல் துவைத்து மடித்து வைத்திருந்தேன், ஒரு நாள் அவரே எடுத்து மூட்டை கட்டி எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அதைப் பற்றியும் நாங்கள் பேசவில்லை. நேற்று கேட்டேன். "இன்னொண்ணு வேணும்னு உங்களுக்கு இருந்துச்சா?" "பொண்ணு ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்னு இருந்துச்சு," என்றார். "அப்ப ஏன் சொல்லல?" "நீ கேக்கலயே," என்றார். காரணம் தெரியாமல் வாழ முடியும் பாபு, நாங்கள் வாழ்ந்துதான் இருக்கிறோம். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பேசிக்கொள்ளாததால்தான் கொஞ்சம் கெட்டுப்போனோம்.

அதனால் செய்துகொள் என்றோ வேண்டாம் என்றோ அவளிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டியது உன்னிடம்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அவளைக் கேள். "செஞ்சுக்கறதானே?" என்று கேட்காதே, அது கேள்வியே இல்லை. உனக்கு மனசில் எப்படி இருக்கிறது என்று கேள். கேட்டுவிட்டுப் பேசாமல் இரு, அது உனக்குக் கைவந்த கலைதானே. வேண்டாம் என்று சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, போட்ட லீவில் அவளை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போ. யோசிக்கணும் என்றால் யோசிக்க விடு, இந்தச் சனிக்கிழமை போனால் இன்னொரு சனிக்கிழமை வராமலா போகும்.

செய்துகொள்கிறேன் என்று அவள் சொன்னால், முதலில் இரண்டு பேரும் சேர்ந்து போய் டாக்டரம்மா முன்னால் உட்காருங்கள். உள்ளே எதையாவது பார்த்தால் எதை அப்போதே சரி செய்வார்கள், எதற்கு அவள் எழுந்த பிறகு அவளைக் கேட்டுவிட்டுச் செய்வார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று இருக்கிறது, அதை நீ தனியாகத்தான் செய்ய வேண்டும். ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வரும்போது அவள் மயக்கத்தில் இருப்பாள், நீதான் வாசலில் நிற்பாய். உள்ளே என்ன பார்த்தோம் என்று உன்னிடம்தான் முதலில் சொல்ல வருவார்கள். அவள் நன்றாக இருக்கிறாளா என்று மட்டும் கேள். மீதியை, "அவ கண்ணு முழிக்கட்டும் டாக்டர், ரெண்டு பேரும் சேந்து கேட்டுக்கறோம்" என்று சொல்லிவிடு. காரணம் என்று ஒன்று இருந்தால் அது இரண்டு பேர் காதிலும் ஒன்றாக விழட்டும். உனக்கு முதலில் தெரிந்து, நீ முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டு அவளிடம் போனால், அவள் பயந்தது நடந்துவிடும். இதை மட்டும் எனக்காகச் செய்.

எது தெரிந்தாலும் என்னிடம் சொல்ல வேண்டாம். நீங்களாக விருப்பப்பட்டால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உங்கள் இரண்டு பேரோடு இருக்கட்டும். இங்கே அளவு கொடுக்க வருகிறவர்களை என்னிடம் விடு, இன்ச் டேப் என் கையில்தான் இருக்கிறது. பிள்ளை பிறந்தால் கொஞ்சுவேன். பிறக்காவிட்டால் உங்கள் இரண்டு பேரையும் கொஞ்சிக்கொண்டு இருந்துவிட்டுப் போகிறேன், எனக்கு அது போதும். இதை ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். நேற்று சொல்லிவிட்டேன்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. வெளியே காற்றில், தங்கம் பிரித்துக் கொட்டிய சயனைடு மண் பறக்கிறது, விமலா கொடியில் காய்ந்த துணியை உதறி உதறி எடுத்து வந்து மடித்து வைத்தாள். ஸ்டேஷன் வரைக்கும் போய் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று உங்க அப்பா நல்ல சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருக்கிறார். நேற்றுப் பிரித்துத் தைத்த ஜாக்கெட்டில் ஒன்றைத்தான் அவள் போட்டுக்கொண்டிருக்கிறாள். "உறுத்துதாம்மா?" என்று கேட்டேன். "இல்லத்தே," என்றாள். சனிக்கிழமைக்கு என்ன முடிவு எடுத்திருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. பழைய பயத்தால் இல்லை. அது முதலில் உன் காதில் விழ வேண்டிய பதில், அதனால் கேட்கவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன், நின்றபடியே குடித்தாள். இப்போது வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

உங்க அப்பா டம்ளர்களைக் கழுவ எடுத்தவர், விமலா குடித்ததைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறார். அதன் அடியில் ஒரு வாய் காபி இருக்கிறது. என்னைப் பார்த்தார். அதைக் கொண்டுபோய் அலமாரியில், தன் டம்ளர் இருந்த இடத்தில் வைத்துவிட்டார்.

உனக்கு அர்த்தம் புரியும். புரிந்துவிட்டது என்று கேட்காமல் இருந்துவிடாதே, நீ கேள், அவள் வாயால் சொல்லட்டும். நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்து சேர்வதற்குள் அந்தக் காபி புளித்துப் போகும், எறும்பு வரும். வரட்டும், நான் கழுவ மாட்டேன்.

உன் அம்மா